மனப்பாடச் செய்யுள் என்றாலே வயிற்றுவலி வரும் பையன், இப்போது காக்கை கூகை என்று திரிகிறான்

சிலேட்டுக்குச்சி:

பையனுக்குப் பதினொரு வயசு. ஆறாம் வகுப்பு. கணக்கு என்றால் உயிர். தமிழில் உரைநடை பரவாயில்லை, கதை கொடுத்தால் படிப்பான். செய்யுள் மட்டும் ஆகவே ஆகாது. மனப்பாடப் பகுதி ஒப்பிக்க வேண்டிய நாளில் விடியும்போதே வயிற்றுவலியும் வந்துவிடும். முதலில் நடிப்பு என்று நினைத்துத் திட்டினேன். ஒருநாள் நிஜமாகவே வாந்தி எடுத்தான். அதோடு திட்டுவதை விட்டேன்.

போன வாரம் தமிழ் டீச்சர் விடுப்பு. அந்தப் பாடவேளைக்குக் கணக்கு சார் வந்திருக்கிறார். "சத்தம் போடாம உட்காருங்க" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் தாள் திருத்தியிருக்கலாம். கரும்பலகையில் ஒரு வரி எழுதினாராம்.

காக்கைக்கா காகூகை கூகைக்கா காகாக்கை

"இதுல எத்தனை வித மெய்யெழுத்து இருக்கு?" ஒண்ணே ஒண்ணு, க் மட்டும். "இது உளறலா, இல்ல அர்த்தம் இருக்கா? இருக்குன்னா எங்க எங்க வெட்டணும்?" அவ்வளவுதான் கேட்டிருக்கிறார். வகுப்பே அந்த வரியை வெட்டி வெட்டிப் பார்த்திருக்கிறது. கூகை என்றால் ஆந்தை வகை என்று மட்டும் துப்புக் கொடுத்தாராம்.

வீட்டுக்கு வந்தவன் பையைக்கூட இறக்கவில்லை. "அம்மா, காக்கைக்கு ஆகா கூகை. கூகைக்கு ஆகா காக்கை. பகல்ல ஆந்தையால காக்காவை ஜெயிக்க முடியாது. ராத்திரி காக்காவால ஆந்தையை ஜெயிக்க முடியாது. அவ்ளோதான்! அதை எப்படி ஒளிச்சு வச்சிருக்கான் பாரும்மா!"

அன்று முதல் குளிக்கும்போதும் காக்கைக்கா காகூகைதான்.

எனக்கு இப்போது பயம் என்னவென்றால், இதை நானே கெடுத்துவிடுவேனோ என்று. இன்னும் நாலு பாட்டு எடுத்துக் கொடுக்கட்டுமா, கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிடட்டுமா? இவன் அப்பா இப்போதே "ஒப்பித்தல் போட்டியில் பேர் கொடுத்துடலாம்" என்கிறார்.


கடைசி பெஞ்ச்:

போட்டியில சேர்க்காதீங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.


ஓட்டைக்குடை:

மன்னிக்கணும், எல்லோரும் கைதட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை. காளமேகத்தின் இந்த வரி சொல் சர்க்கஸ். கயிற்றில் நடப்பவரைப் பார்த்து வாய் பிளக்கலாம், ஆனால் அதை நாட்டியம் என்று சொல்ல முடியாது. உங்கள் பையனுக்குப் பிடித்தது கவிதை இல்லை, புதிர். அவன்தான் கணக்குப் பிரியன் ஆயிற்றே. கவிதை அவனைத் தொட்டுவிட்டது என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். அடுத்த வாரம் வேறொரு புதிர் கிடைத்தால் காக்கையும் பறந்துவிடும், கூகையும் பறந்துவிடும்.


உப்புத்தாள்:

ஓட்டைக்குடை, சர்க்கஸ் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பையனை ஒரு கண்ணாடி முன்னால் நிற்கச் சொல்லி 341ஆவது குறளைச் சொல்லச் சொல்லுங்கள்.

யாதனின் யாதனின் நீங்கியான் நோதல்
அதனின் அதனின் இலன்

உதடு ஒருமுறைகூட ஒட்டாது. ப, ம, வ எதுவுமே இல்லை. எதை எதை விட்டு விலகுகிறோமோ அதனால் அதனால் வரும் துன்பம் இல்லை என்பது பொருள். விலகச் சொல்லும் குறளில் உதடும் விலகியே நிற்கிறது. அதே துறவு அதிகாரத்தின் கடைசிக் குறள் 350. "பற்றுக பற்றற்றான் பற்றினை" என்று ஆரம்பிக்கும். ஒன்றே முக்கால் அடிக்குள் "பற்று" ஆறு தடவை. சொல்லிப் பாருங்கள், உதடு ஒட்டி ஒட்டிப் பிரியும். திட்டமிட்டுச் செய்தாரா, தானாக விழுந்ததா என்று யாரும் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் ஒரு பத்து வயசுக் குழந்தைக்கு இதைக் காட்டிவிட்டு முகத்தைப் பாருங்கள். ஓசை வேறு பொருள் வேறு என்று பிறகு அந்தக் குழந்தையிடம் நீங்கள் சொல்ல முடியாது.

நான் முப்பத்தைந்து வயசில்தான் இதைக் கவனித்தேன். பள்ளியில் இந்தக் குறளை மூன்று தடவை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன்.


பழைய வாத்தியார்:

அம்மா, இருபத்தெட்டு வருஷம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். இரண்டு விஷயம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலாவது, கணக்கு ஆசிரியர் எழுதிய அந்த வெண்பா வெறும் எழுத்து வித்தை இல்லை. அடுத்த அடியில் "கோக்குக்கூக் காக்கைக்குக் கொக்கொக்க" என்று வரும். கோவுக்கு, அதாவது அரசனுக்கு, கூ என்கிற பூமியைக் காப்பதற்குக் கொக்கைப் போலக் காத்திருக்கத் தெரிய வேண்டும் என்கிறது. இப்போது திருக்குறளில் காலமறிதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். முதல் குறள், 481: "பகல்வெல்லும் கூகையைக் காக்கை இகல்வெல்லும் வேந்தர்க்கு வேண்டும் பொழுது." அதே காக்கை, அதே கூகை. கடைசிக் குறள், 490: "கொக்கொக்க கூம்பும் பருவத்து." அங்கே கொக்கு. காளமேகம் ஒரு முழு அதிகாரத்தின் தலையையும் வாலையும் பிடித்து ஒரே எழுத்துக்குள் அடைத்துவிட்டார். இதை நீங்கள் சொல்லாதீர்கள். குறள் புத்தகத்தை 49ஆவது அதிகாரத்தில் திறந்தபடி எங்கேயாவது வைத்துவிடுங்கள். அவனே கண்டுபிடிக்கட்டும்.

இரண்டாவது, மனப்பாடத்தை எல்லோரும் சேர்ந்து மிதிக்காதீர்கள். காகிதமும் அச்சும் வருவதற்கு முன் பாட்டு காதில்தான் குடியிருந்தது. எதுகை, மோனை எல்லாம் அலங்காரத்துக்கு மட்டும் வந்தவை அல்ல. அடுத்த அடியை இழுத்துக் கொண்டுவரும் கொக்கிகளும்கூட. புரியாமல் விழுங்கிய பாட்டு இருபது வருஷம் கழித்துப் பஸ்ஸில் போகும்போது திடீரென்று புரிந்ததாக எத்தனையோ மாணவர்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள். உள்ளே இருந்தால்தானே புரியும்? தவறு மனனத்தில் இல்லை. எல்லோர் முன்பும் எழுப்பி நிறுத்தி, ஒரு சொல் தடுமாறினால் "முதல்ல இருந்து" என்று சொல்லும் முறையில் இருக்கிறது. நானும் அப்படிச் சொன்னவன்தான். எத்தனை பேருக்கு அன்று வயிறு வலித்ததோ.


நேர்நிரை:

கணக்குப் பையனா? அப்படியானால் நேராக யாப்புக்கே கூட்டிக்கொண்டு போங்கள். பெரியவர்கள்தான் அசை, சீர், தளை என்றால் ஓடுவார்கள். குழந்தைக்கு அது விளையாட்டுச் சாமான்.

அடிப்படை இரண்டே துண்டு, அசை என்று பெயர். நேர், நிரை. ஒரு குறிலோ ஒரு நெடிலோ தனியாக நின்றால் நேர். பின்னால் புள்ளி வைத்த எழுத்து ஒட்டிக்கொண்டாலும் நேர்தான். குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்து வந்தால் நிரை. புள்ளி எழுத்துக்கு இங்கேயும் அதே சலுகை. இந்த இரண்டையும் இரண்டு இரண்டாக அடுக்கினால் நாலு வகைச் சீர் வரும். அம்மா என்றால் அம்/மா, நேர் நேர், தேமா. கணக்கு என்றால் கணக்/கு, நிரை நேர், புளிமா. ஞாயிறு, ஞா/யிறு, கூவிளம். விடுமுறை, விடு/முறை, கருவிளம். மூன்றாக அடுக்கினால் எட்டு வகை (நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி), நாலாக அடுக்கினால் பதினாறு. ஏன் இரட்டிப்பாகிறது என்று அவனிடமே கேளுங்கள், உங்களுக்கு அவன் பாடம் எடுப்பான்.

அடுத்த கட்டம் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை. வெண்பாவில் மா வந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். விளம் வந்தாலும் காய் வந்தாலும் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். கனி உள்ளே வரக்கூடாது. குறள் என்றால் நாலு சீர், மூன்று சீர், மொத்தம் ஏழு. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு இந்த நாலில் ஒன்று. இவ்வளவுதான் விதிப்புத்தகம். 1330 குறளிலும் ஓடுகிற இயந்திரம் இதுதான்.

பள்ளிக்கூடம் எப்படிப் பிரியும் தெரியுமா? பள்/ளிக்/கூ/டம். நாலு நேர். வாய்பாடு தேமாந்தண்பூ. எவ்வளவு அழகான பெயர், உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று கல்லூரியில் எங்கள் பேராசிரியர் சொல்வார்.


ஓட்டைக்குடை:

நான் சொன்னதைத்தான் நேர்நிரை நிரூபிக்கிறார். இயந்திரம், விதிப்புத்தகம், துண்டு. அவனுக்கு நல்ல கட்டுமானப் பெட்டி கிடைத்தது, சந்தோஷம். மனசு எங்கே ஐயா? ஒரு குழந்தை தன் வாயால் சொல்ல முடியாத ஒன்றை யாரோ எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார் என்று திடுக்கிடுகிற கணம் இருக்கிறதே, அதுதான் கவிதை. அது வரவில்லையென்றால் இது கணக்குப் பாடத்தின் இணைப்பு.


பழைய வாத்தியார்:

ஓட்டைக்குடை அவர்களே, அந்தக் கணத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அது வந்த வழியைக் கேளுங்கள்.

எட்டாம் வகுப்பு. எதற்கும் வாய் திறக்காத பையன் ஒருவன். செய்யுள் நடந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். ஒருநாள் பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மீதி நேரத்தில் சங்கப் புலவர்களின் விநோதப் பெயர்களை எழுதிப்போட்டேன். சிலருடைய இயற்பெயர் தெரியாததால், அவர்கள் பாட்டில் வந்த உவமையையே பெயராக வைத்துவிட்டார்கள் அல்லவா? குறுந்தொகை 305ஐப் பாடியவர் குப்பைக்கோழியார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. குப்பைமேட்டுக் கோழிகள் விலக்குவார் இல்லாமல் தாமாகவே சண்டை போட்டுத் தாமாகவே ஓய்வதைப் போல என் துன்பம் என்று ஒரு தலைவி சொல்கிறாள். அதிலிருந்து வந்த பேர். 40ஆம் பாட்டுக்குச் செம்புலப்பெயனீரார். சிவந்த நிலத்தில் பெய்த மழைநீர். பாடியவர் யார் என்றே தெரியாது, அவர் பார்த்த மழை மட்டும் அவர் பேராக நிற்கிறது.

பிறகு நற்றிணை 284, தேய்புரிப் பழங்கயிற்றினார். பொருள் தேடிப் போன ஒருவன். நெஞ்சு அவளிடம் திரும்பிப் போ என்கிறது. அறிவு எடுத்த வேலையைப் பாதியில் விடாதே என்கிறது. இரண்டு யானைகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும் தேய்ந்த பழைய கயிறு போல என் உடம்பு அழிந்துபோக வேண்டியதுதானா என்று கேட்கிறான். பையன்கள் "யானை ஜெயிக்குமா சார், கயிறு ஜெயிக்குமா சார்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன்.

மணி அடித்து எல்லோரும் போன பிறகு ஜன்னல் பையன் மேசைக்குப் பக்கத்தில் நின்றான். "சார், அந்தக் கயித்துப் பாட்டை எழுதித் தர்றீங்களா?" எதுக்குடா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க வீட்ல நான்தான் சார் கயிறு" என்றான்.

பெற்றோர் பிரிய இருந்த செய்தி எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. உவமையை விளக்குக, ஐந்து மதிப்பெண் என்று நான் கேட்டிருந்தால் அவன் எழுதியிருக்க மாட்டான். பேரைக் கேட்டுச் சிரிக்கும் விளையாட்டாக வந்ததால்தான் அவனுக்கு எட்டியது. ஆகவே எந்தக் கதவு வழியாக உள்ளே வருகிறான் என்று வாசலில் நின்று சோதிக்காதீர்கள்.


உப்புத்தாள்:

வாத்தியாரே... என்ன சொல்வதென்று தெரியவில்லை.


ஓட்டைக்குடை:

சரி. நான் ஏன் இப்படி எரிந்து விழுந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என் மகள் ஆறு வயசிலிருந்து மேடையில் ஒப்பித்தாள். ஒரு அலமாரி நிறையக் கோப்பை. யாரைப் பார்த்தாலும் "பாப்பா, அந்தப் பாட்டைச் சொல்லு" என்று நான்தான் நிறுத்தி வைப்பேன். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பாட்டு, கவிதை எதையும் தொடுவதில்லை. "போதும்பா" என்கிறாள். ஓசையை வைத்து ஆரம்பித்து ஓசையிலேயே நிறுத்திவிட்டேன். கோழியும் கயிறும் எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. சிலேட்டுக்குச்சி, உங்கள் வீட்டுக்காரரிடம் கடைசி பெஞ்ச் சொன்னதைப் படித்துக் காட்டுங்கள்.


சிலேட்டுக்குச்சி:

பத்து நாளாக எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி குறள் புத்தகத்தை 49ஆவது அதிகாரத்தில் திறந்து அவன் மேசையில் வைத்தேன். இரண்டு நாள் அதன் மேல் கணக்கு நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தான். எனக்குக் கை துறுதுறுத்தது. மூன்றாம் நாள் ராத்திரி படுக்கையிலிருந்து எழுந்து ஓடி வந்தான். "அம்மா, இவர் அவரைப் பார்த்து எழுதியிருக்கார்! மாட்டிக்கிட்டார்!" காப்பியடித்தவரைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம். யார் முந்தி, யார் பிந்தி என்று கேட்டான். வள்ளுவர் காளமேகத்துக்குப் பல நூற்றாண்டு முந்தி என்றேன். "அப்ப காப்பி இல்ல, பதில் சொல்றார்" என்று அவனே தீர்ப்பை மாற்றிவிட்டான்.

நேர்நிரை எழுதியதை அச்செடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் நிம்மதியாகப் பேச முடியவில்லை. எதைச் சொன்னாலும் விரல் விட்டுப் பிரிக்கிறான். நேற்று முன்தினம் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு வந்தான். "மனப்பாடம் என்ன தெரியுமா? மனப்/பா/டம். நிரை நேர் நேர். புளிமாங்காய்! அதான் வயித்தைக் கலக்குது." நான் சிரித்து முடிப்பதற்குள் அவனே யோசித்து, "ஐயோ அம்மா, விளையாட்டும் புளிமாங்காய். விளை/யாட்/டு. அதெப்படி ரெண்டும் ஒண்ணாகும்?" என்று நின்றுவிட்டான். இரண்டு தடவை திரும்பப் பிரித்துப் பார்த்தான். அநியாயம் என்றான்.


நேர்நிரை:

அநியாயம்தான்! 481ஐ அவனைப் பிரிக்கச் சொல்லுங்கள். பகல்/வெல்/லும். இகல்/வெல்/லும். அங்கேயும் இரண்டு புளிமாங்காய் ஒளிந்திருக்கிறது.


சிலேட்டுக்குச்சி:

அதையும் பார்த்துவிட்டான். "காக்காவோட புளிமாங்காய்" என்று பேர் வைத்திருக்கிறான்.

இன்னொன்று. விடுப்பு முடிந்து தமிழ் டீச்சர் வந்துவிட்டார். இவன் போய்க் காக்கை கூகை விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, முதல்ல பாடத்துல இருக்கறதைப் படி" என்றாராம். எனக்குச் சுருக்கென்றது. அவரைக் குறை சொல்லவும் மனசில்லை, பாடம் முடிக்கிற அவசரம் அவருக்கு. இவன் ஒன்றும் பேசாமல் வந்து, ராத்திரி வெகுநேரம் எதையோ எழுதி அடித்து எழுதிக்கொண்டிருந்தான். காலையில் குப்பைக்கூடையில் ஏழெட்டுத் தாள். மேசையில் ஒன்று.

வயிற்றுவலி என்றால் விடுமுறை இல்லையாம்
என்னைத் துரத்துது பாட்டு

இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நேர்நிரை பார்த்துச் சொல்லவும். அவனுக்குத் தெரியாமல்தான் இங்கே போடுகிறேன்.


நேர்நிரை:

ஐந்து தடவை பிரித்துப் பார்த்துவிட்டேன். கருவிளங்காய், தேமா, கருவிளம், கூவிளம், தேமா, கருவிளம், காசு. ஒரு இடத்திலும் தளை தட்டவில்லை. அடி எதுகை இல்லை. "துரத்துது" பேச்சு வழக்கு. இரண்டையும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள், எதுகையை அவனே ஒருநாள் தேடுவான். முறையான குறள் வெண்பா. நான் முதல் வெண்பா எழுதியபோது எனக்கு வயசு இருபத்து மூன்று.


பழைய வாத்தியார்:

"இல்லையாம்" என்று போட்டிருக்கிறான் பாருங்கள். "இல்லை" என்று போடவில்லை. யாரோ சொன்னதை இவன் நம்பாமல் திருப்பிச் சொல்வது அந்த ஒரு "ஆம்"இல் இருக்கிறது. அதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.


ஓட்டைக்குடை:

என் மகளுக்கு அனுப்பினேன். எதற்கும் பதில் போடாதவள், "யாருப்பா இந்தப் பையன்?" என்று கேட்டிருக்கிறாள்.


சிலேட்டுக்குச்சி:

இன்று மறுபடி ஒப்பிக்கும் நாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான், முகம் வெளிறிப்போய். லீவு போடட்டுமா என்று கேட்டேன். பதில் இல்லை. விரல் மட்டும் மெல்ல மடங்கிக்கொண்டிருந்தது. "வயிற்/றுவ/லி. கருவிளங்காய்மா" என்றான். எழுந்து பையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். எப்படி ஒப்பித்தான் என்று சாயங்காலம்தான் தெரியும்.

இவன் அப்பா அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு, அடுத்த மாதம் கவிதைப் போட்டி ஒன்று வருகிறதாம் என்கிறார்.


கடைசி பெஞ்ச்:

சேர்க்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?